உள்ளே தள்ளும் காற்று

மாதகலில் இருந்து பருத்தித்துறை முனை வரைக்கும் யாழ்ப்பாணத்தின் வடகரையை ஒட்டிக் கடலுக்குள் கற்பார் கிடக்கிறது. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் சேர்ந்த பார். சில இடங்களில் அகலமாகவும் சில இடங்களில் விட்டுவிட்டும் ஓடும். ஆழ்கடலில் இருந்து வரும் அலை அதன் விளிம்பில்தான் உடையும். பாருக்கும் கரைக்கும் இடையே முழங்காலளவோ இடுப்பளவோ தண்ணீர். வள்ளங்கள் கரைக்கு வருவதும் கடலுக்குப் போவதும் பாரின் நடுவே உள்ள ஒடுங்கிய வழிகளால். இவற்றை எங்கள் ஆட்கள் வான் என்பார்கள். சில வான்கள் இயற்கையாக அமைந்தவை, சில கல்லை உடைத்து ஆழமாக்கியவை. ஒவ்வொரு துறைக்கும் அதன் வான் உண்டு, ஒவ்வொரு வானுக்கும் அதன் வளைவும் கல்லும் உண்டு.

அந்தந்த ஊர்க்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. அவர் இருட்டிலும் வருவார். நான் சொல்ல வந்தது ஒரு துறைக்கு முதன்முதலாக, ஒரு சிறிய பாய்வள்ளத்தில் வருகிறவரைப் பற்றி. என் வாழ்வின் பெரும்பகுதி கடலில் போனது. வல்வெட்டித்துறையில் பிறந்து, சிறுவயதில் பாய் இழுக்கப் பழகி, பிறகு வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை பார்த்து, யுத்தம் முடிந்தபின் ஊருக்கு வந்தேன். இப்போது இருபத்திரண்டு அடிப் பாய்வள்ளம் ஒன்றில் இளம்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குடாநாட்டின் கரைகளையும் தீவுகளையும் சுற்றுகிறேன். பெரிய கப்பலுக்குத் துறைமுகத்தில் வழிகாட்டி ஏறுவார், இழுவைப் படகு வரும். சிறுவள்ளத்துக்கு அதை ஓட்டுகிறவனின் கண்ணும் கயிறும் பொறுமையும்தான் துணை.

எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் பெரியப்பா. தோணியில் தண்டையலாக, அதாவது தலைவராக, இருந்தவர். அவர் முதலில் சொன்னது இதுதான்: "உள்ள போறது பெரிய வேலையில்லை மோனை. வெளிய வாற வழியைக் கண்டுபோட்டுப் போ."

இந்தச் சொல்லின் முழுக் கருத்தும் எங்கள் கரையின் காற்றில் இருக்கிறது. வாடைக் காலத்தில், அதாவது கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும், காற்று வடகிழக்கில் இருந்து வரும். வடகரைக்கு வருகிறவனுக்கு அது முதுகுப் பக்கக் காற்று. பாய் நிரம்பிவிடும், வள்ளம் தானாகவே கரையை நோக்கி ஓடும். இதைவிடச் சுலபமான ஓட்டம் வேறு இல்லை. ஆனால் வான் எங்கே என்று தெரியாமல் பாருக்குக் கிட்ட வந்துவிட்டால் திரும்புவது கடினம். பாய்வள்ளம் காற்றுக்கு நேரெதிரே போகாது. குறுக்கும் மறுக்குமாக ஓடி ஓடித்தான் காற்றுமேல் ஏறவேண்டும். அதற்கு இடம் வேண்டும். பின்னால் அலையும் முன்னால் கல்லும் இருக்கும்போது அந்த இடம் கிடைக்காது.

சோளகத்தில் எல்லாம் தலைகீழ். வைகாசி முதல் புரட்டாதி வரை காற்று தென்மேற்கில் இருந்து தரையைக் கடந்து வரும். வடகரையோரம் அலை தணிந்திருக்கும். ஆனால் வானுக்குள் பாயோடு நுழைய முடியாது, காற்று முகத்தில் அடிக்கும். பாயை இறக்கி, துடுப்புப் போட்டோ சின்ன இயந்திரத்தை இயக்கியோ அடியடியாக உள்ளே போகவேண்டும். கை வலிக்கும். ஆனால் இடம் சரியில்லை என்று தெரிந்தால் துடுப்பை நிறுத்தினாலே போதும், காற்று வள்ளத்தை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். சுலபமாக உள்ளே தள்ளும் காற்று வெளியே விடாது. உள்ளே விட மறுக்கும் காற்று நம்மைக் காப்பாற்றும். தெரியாத துறை ஒன்றுக்குப் போகமுன் நான் பார்க்கும் முதல் விஷயம் இதுதான்: இன்றைய காற்று எந்த வகை?

எங்கள் கரையில் "தெரியாத துறை" என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வலிகாமம் வடக்கில் 1990இல் யுத்தத்தால் மக்கள் இடம்பெயர்ந்தபின் பல துறைகள் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. இலங்கையின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளில் ஒன்றான மயிலிட்டி 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு வருடங்கள். அந்தத் துறையின் வானுக்குள் வந்துபோன பிள்ளை நடுவயது ஆளாகித் திரும்பினான். அவனுக்குப் பிறந்த பிள்ளை அந்தக் கடலை முதன்முறையாகக் கண்டது. காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குள் அமிழ்ந்து கிடந்த கப்பல்களின் சிதைவுகள் இந்திய உதவியோடு அகற்றப்பட்டு முடிந்தது 2012 அளவில். நிலத்துக் குறிகளும் மாறிவிட்டன. காவலரண் கட்டவென்று பனைகள் தறிக்கப்பட்டன. பழைய மடங்களும் வீடுகளும் இல்லை. கோவில் கோபுரங்கள் புதிதாக உயர்ந்தன, தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. பழைய குறிகளை மனப்பாடமாக வைத்திருந்தவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள், பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஆகவே சொந்தக் கரைக்கும் புதிய கரைக்கு வருகிறவனைப்போலவே வரவேண்டியிருக்கிறது. இதை நான் இழப்பாக உணர்கிறேன். அதே நேரம், எந்தக் குறியையும் அப்படியே நம்பாமல் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும் ஒழுக்கத்தை இந்த நிலைமை எங்களுக்குத் தந்திருக்கிறது.

வேலை முதல்நாள் இரவே தொடங்குகிறது. வரைபடத்தைப் பார்த்துக் கடதாசித் துண்டொன்றில் அந்தத் துறையைக் கையால் வரைவேன். கரை, பார், வான், ஆழம், வடக்கு எந்தப் பக்கம், எந்த நேரத்தில் வெயில் எங்கே இருக்கும், நுழைய முடியாவிட்டால் அடுத்து எங்கே ஒதுங்கலாம். கையால் வரையும்போது இடம் மனதில் பதிகிறது. கடலில் அலையடிக்கும்போது திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க நேரமிராது.

ஜிபிஎஸ் கருவியை நான் வைத்திருக்கிறேன், மதிக்கிறேன். வள்ளம் எங்கே நிற்கிறது என்பதை அது சில மீற்றருக்குள் சொல்லும். ஆனால் கல் எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்வது வரைபடம். திரையில் தெரியும் வரைபடம் புதிதாக இருந்தாலும் அதிலுள்ள ஆழங்கள் எப்போதோ அளந்தவையாக இருக்கலாம். கப்பல் போகும் ஆழக் கடலை நுணுக்கமாக அளப்பார்கள், சிறுவள்ளம் ஒதுங்கும் மூலைகளை அப்படி அளப்பது அரிது. மண்திட்டிகள் வருடா வருடம் நகரும். ஆகவே கருவி நம்மைத் துறையின் வாசல்வரை கொண்டுவந்து விடட்டும். வாசலைத் தாண்டுவது கண்ணின் வேலை.

வாசலுக்கு வந்ததும் செய்யவேண்டியது, நுழையாமல் இருப்பது. பாருக்கு வெளியே நல்ல ஆழத்தில், பாயைச் சுருக்கி, துறையைக் கடந்து ஒருதரம் ஓடுவேன். பிறகு திரும்பி வந்து இன்னொருதரம். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் உருண்டு போகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு சற்று ஓயும். ஓய்ந்த நேரத்தில் வந்து பார்த்தவனுக்கு அகலமான வழி தெரியும். பெரிய அலைக்கூட்டம் வரும்வரை காத்திருந்தவனுக்குத்தான் அந்த வழியின் உண்மையான அகலம் தெரியும். உள்ளே கட்டியிருக்கும் வள்ளங்களின் அணியம், அதாவது முன்பக்கம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் கவனிப்பேன். அது உள்ளே காற்றும் நீரோட்டமும் எப்படி என்று சொல்லும். அடுத்தடுத்த வள்ளங்கள் வெவ்வேறு பக்கம் பார்த்து நின்றால் உள்ளே நீர் சுழல்கிறது என்று பொருள்.

பிறகு, கேட்பது. வலை வைத்துவிட்டுத் திரும்பும் வள்ளம் ஒன்று எப்படியும் வரும். அவர்களிடம் "உள்ள வரலாமோ?" என்று மட்டும் கேட்டால் "ஓம், வாங்கோ" என்றுதான் சொல்வார்கள். எங்கள் சனத்தின் சுபாவம் அது, வருகிறவனை வரவேண்டாம் என்று சொல்ல வாய்வராது. ஆனால் அவர்களுடைய பிளாஸ்டிக் படகு தண்ணீருக்குள் ஓரடி இறங்கும். இயந்திரத்தை மேலே தூக்கிவிட்டால் அதுவும் இல்லை. என் வள்ளத்துக்கு இரண்டரை அடி வேண்டும். ஆகவே நான் இப்படிக் கேட்பேன்: "அண்ணை, எங்களுக்கு ரெண்டரை அடித் தண்ணி வேணும். வானுக்கை எல்லா இடமும் இருக்குமோ?" அப்போதுதான் உண்மையான பதில் வரும். ஒருமுறை, எங்கள் பிள்ளைகள் இப்படிக் கேட்டபோது ஒரு முதியவர் தன் படகை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நேரா வராதையுங்கோ தம்பி. நடுவிலை ஒரு கல்லிருக்கு. அந்த ரெண்டு பனையும் ஒண்டாத் தெரியுமட்டும் மேற்கால போங்கோ. பேந்து கோபுரத்தைப் பாத்துப் பிடியுங்கோ." எந்த வரைபடத்திலும் அந்தக் கல் இல்லை.

அவர் சொன்னதுதான் குறி பிடிப்பது. கரையில் கிட்ட ஒரு பொருள், அதற்குப் பின்னால் தூரத்தில் இன்னொரு பொருள். இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும் கோட்டில் வள்ளம் வந்தால் வழி சரி. முன்குறி எந்தப் பக்கம் விலகித் தெரிகிறதோ அந்தப் பக்கம் வள்ளத்தைத் திருப்பினால் மீண்டும் கோட்டுக்கு வரலாம். பிள்ளைகளுக்கு இதைத் தரையிலேயே இரண்டு தடி நட்டு நடக்கவிட்டுப் பழக்குகிறேன், காலுக்குத் தெரிந்துவிட்டால் கடலில் மறக்காது. பக்கவாட்டில் நீரோட்டம் இழுக்கும்போது அணியம் ஒரு பக்கம் பார்க்க, வள்ளம் வேறு பக்கம் போகும். அணியத்தை நம்பாமல் குறிகளை நம்பவேண்டும். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற வரைக்கும், அணியம் எங்கே பார்த்தாலும் வள்ளம் கோட்டில்தான் இருக்கிறது. குறிகளைத் தேர்ந்தெடுக்கும்போது நாளைக்கும் இருக்கப்போவது எது என்று யோசிப்பேன். கோவில் கோபுரம் நல்லது. பருத்தித்துறை வெளிச்சவீடு நல்லது. 1916இல் கட்டிய, 32 மீற்றர் உயரமான கோபுரம் அது. கரையில் கட்டியிருக்கும் ஒரு சிவப்புப் படகு குறியாகாது.

நுழையும்போது பின்னாலும் திரும்பிப் பார்க்கவேண்டும். நுழைந்த வழி உள்ளே இருந்து பார்க்க வேறு மாதிரி இருக்கும். கடல் பக்கம் கோபுரமோ பனையோ இல்லை, ஆகவே வெளியே வரும்போது குறிகள் முதுகுப் பக்கம் இருக்கும். ஒருவர் முன்னால் பார்க்க, ஒருவர் பின்னால் பார்த்து மனதில் பதிந்துகொள்ள வேண்டும். இதற்கென்றே ஒரு பிள்ளையை நிறுத்துகிறேன்.

தண்ணீரின் நிறம் ஒரு பெரிய ஆசான். ஆழம் கடுநீலம். மணல் மேல் ஆழம் குறையக் குறையப் பச்சை, இளம்பச்சை, பிறகு வெண்மை. கல்லும், கடலடித் தாவரமான சாதாளையும் கபில நிறம். மேலோட்டமாகப் பார்த்தால் கல்லும் சாதாளையும் ஒன்றுபோலத் தெரியும். சாதாளையின் ஓரம் மெதுவாகக் கரையும், கல்லின் ஓரம் வெட்டினதுபோல நிற்கும். சந்தேகம் வந்தால் கல்லென்றே எடுத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் பார்க்க வெயில் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்கவேண்டும். முகத்துக்கு நேரே வெயில் இருந்தால் தண்ணீர் முழுதும் வெள்ளித் தகடு, அடியில் ஒன்றும் தெரியாது. அணியத்தில் நிற்பவர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறாரோ அவ்வளவு நல்லது.

எங்கள் அகலாங்கில் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சித்திரை பிறந்ததில் இருந்து ஆவணியின் முதற்பாதி வரைக்கும் நடுப்பகல் சூரியன் எங்கள் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வடகரைக்குள் தெற்கு நோக்கி நுழைகிறவனுக்குச் சோளகத்தின் பெரும்பகுதியில் நடுப்பகல் வெயில் முதுகுப் பக்கம், அலையும் குறைவு. மார்கழி, தையில் வெயில் கண்ணுக்குள், அலையும் பின்னால். கடலும் வெயிலும் ஒரே பக்கம் சாய்ந்து நின்று எப்போது வரலாம் என்று சொல்கின்றன. தீவுப் பக்கம் கணக்கு வேறு. ஊர்காவற்றுறைக்கு மேற்கே இருந்து நுழைகிறவன் காலையில் வந்தால் வெயில் முகத்தில். மதியம் திரும்பியபின் வந்தால் எல்லாம் துலங்கும்.

ஊர்காவற்றுறை பழைய துறைமுகம். ஒருகாலத்தில் தோணிகள் நிரம்பிக் கிடந்த இடம். மேற்கே இருந்து வரும்போது இடப்பக்கம் காரைநகர், வலப்பக்கம் ஊர்காவற்றுறை, நடுவே நீருக்குள் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கடற்கோட்டை. கோட்டை தூரத்தில் இருந்தே தெளிவாகத் தெரியும். தெரிகிறது என்பதற்காக அதை நோக்கியே பிடித்துக்கொண்டு வரக்கூடாது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது குறி, அது வழி ஆகாது. நீர் ஓடும் ஆழத்தைத் தனியாகத் தேடவேண்டும். உள்ளே போகப் போகப் பரவைக்கடல். பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே எங்கள் பக்கம் இரண்டடிக்கு மேல் வித்தியாசம் வருவது அரிது. ஆழக் கடலில் இரண்டடி ஒன்றுமில்லை. பரவைக்கடலில் இரண்டடிதான் மிதப்பதற்கும் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே பெருக்கு ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் நுழைவேன். தட்டினாலும் சற்றுநேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும் நேரத்தில் தட்டினால் அடுத்த பெருக்குவரை அங்கேதான்.

பரவைக்கடலில் கல்லைவிட வலைகள்தான் கூடுதல். சிறகுவலைகளின் தடிகள் வரிசை வரிசையாக நிற்கும். அது யாரோ ஒருவரின் சீவியம். அதற்குள் வள்ளத்தை விட்டால் அவருக்கும் நட்டம், சுக்கானில் வலை சுற்றினால் நமக்கும் ஆபத்து. தடிவரிசையின் முடிவு தெரியும்வரை சுற்றிப் போவதுதான் முறை. எவ்வளவு நேரம் போனாலும் போகட்டும்.

ஆழம் பார்க்க மின்கருவி இருக்கிறது. என்றாலும் ஈயக்குண்டு கட்டிய கயிறு எப்போதும் அணியத்தில் சுருட்டியிருக்கும். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. பாகத்துக்கு ஒரு முடிச்சு. இருட்டிலும் கை கணக்குச் சொல்லும். மின்கருவி வள்ளத்துக்கு நேர் கீழே உள்ள ஆழத்தைச் சொல்கிறது. அது சொல்லும்போது வள்ளம் அங்கே வந்துவிட்டது. குண்டை முன்னால் எறியலாம். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் சவர்க்காரம் அப்பிவிட்டால் அடியில் என்ன கிடக்கிறது என்பதும் ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, சிப்பித்தூளா, ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் கல்லா. நங்கூரம் போட இதைவிடப் பெரிய சேதி இல்லை.

நங்கூரம் போடுவதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது. துறைக்குள் வந்துவிட்டோம் என்ற ஆறுதலில் பலர் இந்த இடத்தில்தான் கவனத்தை விடுகிறார்கள். முதலில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன், குண்டு போட்டுக்கொண்டே. இரவில் காற்றுத் திரும்பினால் வள்ளம் நங்கூரத்தைச் சுற்றி முழுவட்டம் போடும். அந்த வட்டத்துக்குள் கல்லோ வேறு வள்ளமோ வலையோ இருக்கக்கூடாது. பிறகு கயிற்றுக் கணக்கு. ஆழத்தோடு தண்ணீரில் இருந்து அணியம் வரையான உயரத்தையும் கூட்டவேண்டும். ஒன்றரைப் பாகத் தண்ணீர் என்றால் ஒன்பது அடி, அணியத்துக்கு மூன்று அடி, மொத்தம் பன்னிரண்டு. அமைதியான நாளில் அதன் ஐந்து மடங்கு, அறுபது அடி. காற்று எழும் என்றால் ஏழு மடங்கு, எண்பத்துநாலு அடி. பதினாலு பாகம். நங்கூரத்தை அடுத்து இரண்டு பாகம் சங்கிலி இருந்தால் அது கயிற்றை அடியில் படுக்கவைக்கும். நங்கூரத்தைப் பிடிக்க வைப்பது கிடையாக இழுக்கும் இழுவைதான். கயிறு குட்டையாக இருந்தால் இழுவை மேல்நோக்கி இருக்கும், நங்கூரம் பிடுங்கும்.

சாதாளை மேல் நங்கூரம் வழுக்கும். பிடித்தது போலவே இருக்கும், முதற்காற்றில் கொத்தோடு வந்துவிடும். ஆகவே வெளிறின மணல் தெரியும் இடமாகப் பார்த்து இறக்குவேன். கற்பார்ப் பக்கம் என்றால் நங்கூரத்தின் தலைப்பக்கம் இன்னொரு மெல்லிய கயிறு கட்டி, அதன் நுனியில் மிதவை விடுவேன். நங்கூரம் கல்லுக்குள் சிக்கினால் அந்தக் கயிறுதான் எதிர்ப்பக்கமாக இழுத்து விடுவிக்கும். நங்கூரம் பிடித்தபின் கரையில் பக்கவாட்டாக இரண்டு குறிகளைப் பார்த்து வைப்போம். அவை நகராவிட்டால் வள்ளம் நகரவில்லை. இரவில் அதற்கு வெளிச்சக் குறி வேண்டும். ஒரு வீட்டு விளக்கை நம்பக்கூடாது, அவர்கள் படுக்கப் போனால் அணைந்துவிடும்.

ஒரு தை மாதம். பிள்ளைகளோடு காரைநகரில் இருந்து நெடுந்தீவு போகும் எண்ணத்தில் தீவுகளுக்கு நடுவே தெற்கே ஓடிக்கொண்டிருந்தோம். வாடை நல்ல ஓட்டம் தந்தது. அனலைதீவைக் கடந்து நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரம் தெரியும்போது பிற்பகலாகிவிட்டது. காற்றும் கனக்கத் தொடங்கியிருந்தது. நெடுந்தீவின் மாவலித்துறைப் பக்கம் வாடைக்குத் திறந்து கிடப்பது. குறிகட்டுவானில் இருந்து போகும் படகுச் சேவையே கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். பிள்ளைகளில் யாருக்கும் அந்தத் துறை தெரியாது. ஓட்டம் இப்படியே இருந்தால் பொழுதுபட முன் போய்விடலாம் என்று கணக்குப் பார்த்து ஒரு பிள்ளை சொன்னான். அவன் கணக்குச் சரி. நான் கேட்டேன்: "போய்ச் சேந்து, உள்ள போகேலாட்டி?"

அவன் யோசித்தான். காற்று முதுகில். நெடுந்தீவு தென்மேற்கே, பொழுது சாயும் வெயில் நேரே கண்ணில். துறை வாசலில் அலை உடைந்தால் அதே காற்றுக்கு எதிராக, குறுக்கும் மறுக்குமாக, இருட்டுக்குள் நயினாதீவு வரை ஏறிவர வேண்டும். வழியில் வேறு ஒதுக்கு இல்லை. "திரும்ப ஏலாது ஐயா," என்றான். அப்படியென்றால் முடிவெடுக்க வேண்டிய இடம் நெடுந்தீவின் வாசல் இல்லை. கடைசி ஒதுக்கான நயினாதீவைக் கடக்க முன்னரே அந்த முடிவு எடுக்கப்பட வேண்டும். அவனே சுக்கானைத் திருப்பினான். நயினாதீவின் தென்மேற்குப் பக்கம், காற்றுக்கு மறைவாக, மணலில் நங்கூரம் போட்டு இரவைக் கழித்தோம். முறைபோட்டு விழித்திருந்து குறி பார்த்தோம். விடிந்தபோது காற்றுத் தணிந்திருந்தது. வெயில் முதுகுப் பக்கம், தண்ணீர் அடிவரை தெரிந்தது. மாவலித்துறைக்குள் அலட்டல் இல்லாமல் நுழைந்தோம். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கற்றதை நான் எத்தனை வகுப்பு எடுத்தும் கற்பித்திருக்க முடியாது.

இந்த அறிவு எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறைத் தோணிகள் நாகபட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் பர்மாவுக்கும் சரக்கோடு போய்வந்தன. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற 89 அடிப் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவர் 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்தவர். கப்பலைப் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார்கள். சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடலைக் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவரோடு போன வல்வெட்டித்துறை மாலுமிகளும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். ஊரில் இந்தக் கதையைச் சொல்லும்போது அத்திலாந்திக்கைத் தாண்டியதையே பெரிதாகச் சொல்கிறோம். எனக்கு அவர்கள் நுழைந்த துறைகள் பெரிதாகத் தெரிகின்றன. நடுக்கடலில் கல் இல்லை. ஆபத்து கரைக்குக் கிட்டத்தான். வழி முழுதும் ஒவ்வொரு துறையும் புதிது, ஒவ்வொரு பாசையும் புதிது, காற்றின் பெயர்கூடப் புதிது. அந்த மனிதர்கள் பழக்கமான கரையில் கற்ற ஒழுக்கத்தை அந்நியக் கரைகளுக்கு எடுத்துச் சென்றார்கள்.

இயந்திரம் வந்தபின் பாய் போயிற்று. அதை நான் குறைசொல்லவில்லை. இயந்திரம் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, தொழிலாளியின் முதுகை நிமிர்த்தியிருக்கிறது. ஆனால் இயந்திரம் நின்றுபோகும் நாளும் உண்டு. காற்றைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அந்த நாள் ஒரு தாமதம், தெரியாதவனுக்கு ஆபத்து. அதனால்தான் இந்தப் பிள்ளைகளைப் பாயில் பழக்குகிறேன். இவர்கள் நாளைக்கு மீன்பிடிக்கலாம், கப்பலேறலாம், சுற்றுலாப் படகு ஓட்டலாம், கடலுக்கே போகாமலும் விடலாம். ஆனால் குடாநாட்டின் கரையை, தங்கள் முப்பாட்டன் அறிந்த அளவுக்கு அறிந்தவர்களாக வளர வேண்டும். இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த கரையை மறுபடி அறிந்துகொள்வது நாங்கள் இந்த மண்ணுக்குச் செய்யவேண்டிய கடமை என்று நம்புகிறேன். முதியவர்களிடம் இருக்கும் குறிகளை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைக் கடலில் போய்ச் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்ததைத் திகதியோடு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

என் வள்ளத்தில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. புதிய துறைக்கு ஒரு பக்கம். மேலே துறையின் பெயர், அன்றைய காற்று, வெயில், வற்றுப்பெருக்கு, கேட்டறிந்த குறிகள். அதற்குக் கீழே முதல் வரியில் வெளியேறும் வழியை எழுதவேண்டும். இரண்டாம் வரியில் கடைசி ஒதுக்கு எது, அங்கே ஒதுங்குவதா என்பதை எந்த நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதவேண்டும். நுழையும் வழிக்கு மூன்றாவது வரிதான். முதல் இரண்டு வரியும் நிரம்பாமல் மூன்றாவதை எழுத நான் விடுவதில்லை. அவை வெறுமையாக இருக்கும் நாளில், காற்று எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்தத் துறைக்கு நாங்கள் போவதில்லை.